போர் தண்ணீரில் இரும்பும் மாங்கனீசும்: எங்கள் மொட்டைமாடி வடிகட்டி

மோட்டார் போட்டதும் வருகிற தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். பக்கெட்டில் பிடித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகும். சாயங்காலத்துக்குள் அடியில் செங்கல் பொடி போல ஒரு படிவு. சென்னை மடிப்பாக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் இதுதான் நிலை. அத்தையின் வெள்ளைப் புடவைகள் எல்லாம் காவியேறிப் போயின. பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்தேன், கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொண்டது. இரும்புக் கறைக்கு பிளீச்சிங் ஆகாது. எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் போட்டால் ஓரளவு போகும்.

முதலில், கடையில் சொன்னபடி குழாயில் ஒரு கார்ட்ரிட்ஜ் வடிகட்டி மாட்டினோம். கார்ட்ரிட்ஜ் வெள்ளையாகவே இருந்தது, அதைத் தாண்டிப் போன தண்ணீர் தொட்டியில் மஞ்சளானது. பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் பல வருடம் உதவியாளராக இருந்தவள் நான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிலத்தடியில் காற்று இல்லை. அங்கே இரும்பு, தண்ணீரில் போட்ட உப்பைப் போல, நிறமில்லாமல் கரைந்து கிடக்கிறது. கரைந்ததை எந்தத் துணியும் பிடிக்காது. காற்று பட்டுத் துருவாக மாறிய பிறகுதான் வடிகட்டிக்குப் பிடிபடும். ஆகவே வடிகட்டி வாங்குவதற்கு முன்னால், தண்ணீரைத் துருப்பிடிக்க வைக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் சோதனை. வீட்டிலேயே செய்ய ஒரு வழி: கடுக்காய்த் தோலை இடித்து வெந்நீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றில் ஒரு ஸ்பூன் எடுத்து ஒரு தம்ளர் தண்ணீரில் விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். இரும்பு இருந்தால் ஊதா கலந்த கறுப்பாகும். அந்தக் காலத்தில் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் கடுக்காயையும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வேலைதான். கசக்கிய கொய்யா இலையும் இப்படி நிறம் காட்டும். ஆனால் அளவு தெரிய ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் உண்டு, கட்டணம் கட்டினால் பார்த்துத் தருவார்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பாட்டிலை விளிம்பு வரை நிரப்புங்கள். இரும்பும் மாங்கனீசும் பார்க்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மாதிரியில் கொஞ்சம் அமிலம் சேர்க்காவிட்டால் இரும்பு பாட்டில் சுவரிலேயே படிந்து, முடிவு குறைவாக வந்துவிடும்.

எங்களுக்கு லிட்டருக்கு இரும்பு 2.8 மில்லிகிராம், மாங்கனீசு 0.4, பிஎச் 6.9 என்று வந்தது. பிஎச் என்பது அமில-கார அளவு, 7 நடுநிலை, குறைந்தால் அமிலம். இரும்பு 0.3-ஐத் தாண்டினாலே துணியில் கறை படியும், மாங்கனீசுக்கு அந்த எல்லை 0.1. இந்த அளவு இரும்பால் பெரும்பாலும் ருசியும் துணியும்தான் கெடும். மாங்கனீசை நான் அப்படி விடவில்லை. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளை மனதில் வைத்து உலக சுகாதார நிறுவனம் அதற்கு 0.08 என்று எல்லை வைத்திருக்கிறது. என் பேத்திக்கு அப்போது ஐந்து மாதம், பால்பவுடர்தான். காய்ச்சினால் மாங்கனீசு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். வடிகட்டி தயாராகும் வரை குழந்தைக்குக் கேன் தண்ணீர் வாங்கினோம்.

சரி, அமைப்புக்கு வருவோம். மொட்டைமாடியில் மூன்று கட்டம்.

முதல் கட்டம் காற்று. போர் குழாயின் முனையை அடைத்து, கடைசி மூன்றடியில் 3 மில்லிமீட்டர் துளைகள் போட்டார் எங்கள் பிளம்பர் தம்பி. தண்ணீர் பூவாளி போலத் தூவி, ஒன்றன்கீழ் ஒன்றாக ஓரடி இடைவெளியில் வைத்த மூன்று காய்கறிக் கிரேட்டுகள் வழியாக விழுகிறது. கிரேட்டுகளில் கழுவிய செங்கல் ஜல்லி. சுற்றிலும் கொசுவலை கட்டாயம். 1 மில்லிகிராம் இரும்பு துருவாக 0.14 மில்லிகிராம் ஆக்சிஜன் போதும். எங்கள் தண்ணீருக்கு அரை மில்லிகிராம்கூடத் தேவையில்லை. நம் ஊர் வெப்பத்திலும் தண்ணீர் ஏழு மில்லிகிராமுக்கு மேல் பிடித்துக்கொள்ளும். அப்படியானால் இவ்வளவு தூவுவது எதற்கு? கரைந்திருக்கும் கரியமில வாயுவை விரட்டத்தான். அது போனால் பிஎச் ஏறும். பிஎச் ஒரு எண் ஏறினால் இரும்பு துருவாகும் வேகம் நூறு மடங்கு கூடும். தூவிய பிறகு எங்கள் தண்ணீரில் 7.4 காட்டியது. 6.5-க்குக் கீழே இருப்பவர்கள் கிரேட்டில் செங்கலுக்குப் பதில் சுண்ணாம்புக் கல் போடலாம். துரு படிந்தால் அதைத் தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கும்.

இரண்டாம் கட்டம் பொறுமை. 500 லிட்டர் தொட்டியில் இரவு முழுக்கத் தேங்கவிடுகிறேன். இரும்பு மாற ஒரு மணி நேரமே போதும், ஆனால் துரு கீழே இறங்க நேரம் வேண்டும். வெளியேறும் குழாய் தொட்டியின் அடியிலிருந்து அரையடி மேலே இருக்கட்டும், அடியில் கசடு திறக்கத் தனியாக ஒரு வால்வு.

மூன்றாவது மணல். 200 லிட்டர் டிரம்மில் கீழே அரையடி ஜல்லி, பெரியது அடியில், சின்னது மேலே. அதன்மேல் 50 சென்டிமீட்டர் மணல். அரை மில்லிமீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டர் வரை சலித்தது. கழுவும் தண்ணீர் தெளியும் வரை கழுவியது. வால்வை நிமிடத்துக்கு 4 லிட்டர் வரும்படி திருகி வைத்தேன். 16 லிட்டர் பக்கெட் நிரம்ப நான்கு நிமிடம். அவசரப்பட்டு முழுக்கத் திறந்தால் துரு மணலுக்குள் இறங்கி மறுபக்கம் வந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மேல் இரண்டு மூன்று அங்குல மணலைக் கையால் கலக்கி, கலங்கிய நீரை மொண்டு ஊற்றுகிறேன். டிரம் முழுவதையும் கொட்டிக் கழுவ வேண்டாம். நான் ஒருமுறை அப்படிச் செய்து, தண்ணீர் மறுபடி சரியாக வாரக்கணக்கில் ஆனது. மணலில் ஒட்டும் துருப்படலமே அடுத்து வரும் இரும்பை இழுத்துப் பிடிக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் மாங்கனீசு 0.3 என்று வந்தது. அதற்குக் காற்று மட்டும் போதாது. பிஎச் 9-ஐத் தாண்டினால்தான் காற்றில் ஓரளவு வேகமாக மாறும். கறுப்பான மாங்கனீசு டைஆக்சைடு படலம் இருக்கிற மீடியா, அதாவது வடிகட்டும் குருணை, வேண்டும். வீடு முழுவதற்கும் அது செலவு. நான் அடுப்படித் தண்ணீருக்கு மட்டும் செய்தேன். குழாய் வைத்த 20 லிட்டர் பக்கெட்டில் பாதி வரை மீடியா, நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் விடுவதில்லை. இரவில் துரு படிந்த பிறகு, காலையில் 500 லிட்டருக்கு 2 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு மக்கில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுகிறேன். அந்தக் குளோரின் மாங்கனீசை மாற்றவும் மீடியாவைப் புதுப்பிக்கவும் உதவுகிறது. அடுத்த சோதனையில் 0.05. அதற்குப் பிறகுதான் பேத்தியின் பாலுக்கு இந்தத் தண்ணீரை, காய்ச்சி ஆறவைத்து, எடுத்தேன். காய்ச்சுவது கிருமிக்காக, மணல் டிரம்மை நம்பி அதை விட்டுவிடாதீர்கள்.

ஆர்ஓ இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அது மாங்கனீசை நீக்கும், ஆனால் இரும்போடு தண்ணீரை நேராக விட்டால் மெம்பிரேன் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். இந்த மூன்று கட்டத்துக்குப் பின்னால் வையுங்கள்.

ஃபிளஷ் தொட்டியில் வழவழவென்று செம்பழுப்புப் பாசி போல் இருந்தால் அது இரும்பு பாக்டீரியா. தண்ணீர் மேல் எண்ணெய் மாதிரி மினுக்கம் தெரியும். குச்சியால் தொட்டால் சில்லு சில்லாக உடையும். நிஜ எண்ணெய் என்றால் திரும்ப ஒன்றுசேரும். பாக்டீரியா இருந்தால் போர் குழிக்கே குளோரின் போட வேண்டும், அதைத் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மணல் டிரம்மிலிருந்து ஒரு தம்ளர் பிடித்துக் கடுக்காய்ச் சாறு விடுகிறேன். வெளிர் மஞ்சளாகவே நின்றால் டிரம்மைத் தொடுவதில்லை. கறுப்பு தட்டினால் முதலில் பார்ப்பது தூவும் குழாயின் துளைகளை. பாதி நாள் அங்கேதான் துரு அடைத்திருக்கும்.