ஊர் இளைஞர் மன்றத்துக்கு சி.எஸ்.ஆர். நிதி கேட்பது எப்படி?

பொங்கல் விளையாட்டு விழாவுக்கு நன்கொடை கேட்டுப் பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போய், வாசலில் செக்யூரிட்டியிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நாங்கள் மூன்று வருடம் அப்படித்தான் நடந்தோம். கடிதத்தில் எழுதியதே தப்பு என்பது பிறகுதான் தெரிந்தது.

2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, 5 கோடி ரூபாய் நிகர லாபமோ, 1,000 கோடி விற்றுமுதலோ, 500 கோடி நிகர மதிப்போ தொட்ட கம்பெனி, முந்தைய 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இதைத்தான் சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி என்கிறார்கள். தான் இயங்கும் இடத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு முன்னுரிமையும் தர வேண்டும். பல கம்பெனிகள் சொந்த அறக்கட்டளை வழியாக இதைச் செய்கின்றன. ஆனால் ஒருநாள் நிகழ்ச்சி, பரிசளிப்பு, மாரத்தான் எல்லாம் இந்தக் கணக்கில் வராது என்று மத்திய அரசு 2014-லேயே சுற்றறிக்கை விட்டுவிட்டது. நாங்கள் கேட்டது சரியாக அதைத்தான்!

முதல் படி: கேட்பதை மாற்றுங்கள். கபடிப் போட்டிக்குக் கோப்பை கேட்காமல், ஓராண்டு கபடிப் பயிற்சிக்குக் கேளுங்கள். கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் தொழில்திறன் பயிற்சியும் எந்தப் பணிகளுக்குச் செலவிடலாம் என்று பட்டியலிடும் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே இருக்கின்றன.

இரண்டாம் படி: காகிதங்கள். 7 பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் மன்றத்தைப் பதிவு செய்யலாம். பான் கார்டு, வங்கிக் கணக்கு, ஆடிட்டர்கள் 12ஏ, 80ஜி என்று சொல்லும் வருமான வரிப் பதிவுகள் (முதலாவது மன்றத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு, இரண்டாவது நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை), அப்புறம் சி.எஸ்.ஆர். நிதி பெற மத்திய அரசிடம் பதிவு செய்யும் சி.எஸ்.ஆர்-1 படிவம். இதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு: இத்தகைய பணியில் 3 ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். புது மன்றம் என்றால், உங்கள் வட்டாரத்தில் ஏற்கெனவே தகுதி பெற்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து விண்ணப்பிப்பதே நடைமுறைக்கு ஒத்து வரும்.

மூன்றாம் படி: இரண்டு பக்கத் திட்டம். "இளைஞர்களின் எதிர்காலம் ஒளிமயமாக" என்று ஆரம்பிக்காதீர்கள். யாரும் படிக்க மாட்டார்கள். "12 முதல் 18 வயதுள்ள 40 பிள்ளைகள், வாரம் 5 நாள், மாலை 5 முதல் 7 மணி, பள்ளி மைதானம்" என்று எழுதுங்கள். பெண் பிள்ளைகள் எத்தனை பேர், இருட்டிய பிறகு அவர்கள் எப்படி வீடு திரும்புவார்கள் என்பதும் இருக்கட்டும். பட்ஜெட்டில் மொத்தத் தொகை மட்டும் போதாது. கோச்சுக்கு மாதம் 8,000 என்றால் 12 மாதத்துக்கு 96,000 என்று வரிவரியாகப் பிரியுங்கள். முட்டிக்காப்பு, முதலுதவிப் பெட்டி, ஆடிட்டர் கட்டணம் ஆகியவற்றைப் பெரும்பாலும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

நான்காம் படி: நேரம். கம்பெனிகள் சி.எஸ்.ஆர். செலவுக்கு ஆண்டுத் திட்டம் போடுகின்றன. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், பொங்கல் முடிந்த கையோடு போய்ப் பாருங்கள்.

பணம் வந்தால், கையில் ரொக்கமாகச் செலவழிக்காமல் கணக்கு வழியாகவே கொடுங்கள். வருகைப் பதிவேட்டில் மழையால் பயிற்சி நின்ற நாளையும் குறித்து வையுங்கள். ஆண்டு முடிவில், பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போட ஆடிட்டர் உட்காரும்போது, முதலில் கேட்பது பில்லையும் அந்த நோட்டையும்தான்.