ஏஎம் அலையை டிஜிட்டல் முறையில் பண்பிறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீச்சுப் பண்பேற்றம் (ஏஎம்) பெற்ற, அதாவது ஒலிக்கேற்ப வீச்சு மாறும் அலையிலிருந்து ஒலியைப் பிரிக்க நிரல் எழுதுவோரில் பலர், டையோடும் கெப்பாசிட்டரும் கொண்ட பழைய வானொலிச் சுற்றை அப்படியே கணினிக்குக் கொண்டுவந்து, மாதிரிகளின் (சீரான இடைவெளிகளில் அளந்த அலை மதிப்புகளின்) எதிர்க்குறியை நீக்கி, பிறகு தாழ் அதிர்வெண் வடிகட்டியில் செலுத்துகிறார்கள். இதுவே மிகப் பெரிய தவறு என்பது என் கருத்து.

எதிர்க்குறியை நீக்கியதும், ஒலியைச் சுமந்து வரும் ஊர்தி அலையின் 2, 4, 6 என்ற இரட்டைப்படை மடங்குகளில் புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. டையோடு சுற்றில் அவை ஒலிக்கு எட்டாத உயரத்திலேயே இருப்பதால் கெப்பாசிட்டர் அவற்றை எளிதில் அடக்கிவிடும். மாதிரிகளிலோ, மாதிரி வீதத்தின் பாதியைத் தாண்டிய எதுவும் மடிந்து கீழே விழும். நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும்போது ஊர்தி அலை 10 கிலோஹெர்ட்ஸில் இருந்தால், அதன் பத்தாம் மடங்கான 100 கிலோஹெர்ட்ஸ் 4 கிலோஹெர்ட்ஸில் வந்து அமரும். ஊர்தி அலை தரும் நிலையான கூறோடு ஒப்பிட்டால் அதன் வீச்சு சுமார் 2 விழுக்காடுதான். ஆயினும் பேச்சின் இடைவெளிகளில் அது சீழ்க்கையாகக் கேட்கும். ஒலிப்பட்டைக்குள்ளேயே புகுந்துவிட்டதால், பின்னால் வரும் தாழ் அதிர்வெண் வடிகட்டி அதையும் கடத்திவிடும்.

ஆகவே ஊர்தி அலையை முதலில் சிக்கலெண் பெருக்கலால் சுழி அதிர்வெண்ணுக்கு இறக்கி, கிடைக்கும் மெய்ப்பகுதியான ஐ, கற்பனைப்பகுதியான க்யூ இரண்டையும் வடிகட்டி, அதன் பிறகே இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் காண வேண்டும். இந்த வரிசையை மாற்றவே கூடாது. இந்திய மத்திய அலையில் நிலையங்களின் அலைவரிசைகள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைவதால், வடிகட்டாமல் வர்க்கமூலம் கண்டால் அடுத்த நிலையமும் உள்ளே கலந்துவிடும்.

க்யூவைப் பெற, அலையை 90 பாகை நகர்த்தும் ஹில்பர்ட் வடிகட்டியைப் பயன்படுத்துவோர் தாமதத்தை மறந்துவிடுகிறார்கள். 101 கெழுக்கள் கொண்ட சமச்சீர் வடிகட்டி 50 மாதிரிகள் பிந்தும். மூல அலையையும் அதே 50 மாதிரிகள் பிந்தச் செய்யாவிட்டால் 90 பாகை உறவு குலைந்து, உறையில் (அலையின் உச்சிகளைத் தொடர்ந்து செல்லும் வடிவில்) சிற்றலை படியும்.

பண்பேற்ற ஆழம் 100 விழுக்காட்டைத் தாண்டினாலோ, ஊர்தி அலை ஒடுக்கப்பட்டிருந்தாலோ உறையை நம்ப இயலாது. ஊர்தி அலையோடு கட்டம் (சுழற்சியின் நிலை) பூட்டிய, நிரலே உருவாக்கும் உள்ளலையால் பெருக்க வேண்டும். அங்கே 60 பாகை கட்டப்பிழை ஒலியைப் பாதியாக்கும். 90 பாகை முழுவதும் அழித்துவிடும்.

வடிகட்டியின் உள்நிலையை (முந்தைய மாதிரிகளின் நினைவை) ஒவ்வொரு தொகுதிக்கும் சுழியாக்குவது கண்டுபிடிக்கக் கடினமான பிழை. 48,000 வீதத்தில் 1,024 மாதிரித் தொகுதிகளானால் நொடிக்கு ஏறத்தாழ 47 முறை சொடுக்கு எழும்; அதை மின்கம்பி இரைச்சல் என்று எண்ணி, அந்த அதிர்வெண்ணை வெட்ட இன்னொரு வடிகட்டியைச் சேர்ப்பவர்கள் உண்டு.