துளசி இலையை மடிக்கும் புழு: அவசரத்தில் செய்யும் தவறுகள்

சாரல் தணிந்து துளசி புதுக்கொழுந்து விடும் சமயத்தில் குமரி மாவட்டத்து வீடுகளில் கேட்கும் புகார் இது: நேற்று வரை செழித்து நின்ற செடி, இன்று நுனியெல்லாம் மடங்கிக் கருகிக் கிடக்கிறது. ஒருவர் கண்ணேறு என்பார், இன்னொருவர் உரக்கடைக்குக் கிளம்பிவிடுவார். பல நேரங்களில் காரணம், விரல் நகத்தளவே உள்ள ஓர் அந்துப்பூச்சி. ஆர்ஃபனோஸ்டிக்மா அப்ரப்டாலிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். துளசி, புதினா போன்ற வாசனைச் செடிகள்தான் அதன் புழுவுக்கு உணவு.

இலையைப் பிரித்துப் பார்க்காமலே மருந்து வாங்குவதுதான் முதல் தவறு. மடிந்த இலையை நகத்தால் மெல்லத் திறந்தால் வெண்ணிற இழைகள் இழுபட்டு அறும். உள்ளே கசகசா அளவில் கரிய எச்சம் கிடக்கும். பச்சை சுரண்டப்பட்டு நரம்பு மட்டும் மிஞ்சியிருக்கும். வெளிர்பச்சைப் புழு நெளிந்து பின்வாங்கும், அல்லது நூலில் தொங்கி நழுவிவிடும். இழையே இல்லாமல் இலை சுருண்டு, அடிப்பக்கம் கரும்புள்ளிகள் தெறித்திருந்தால், அது சாறு உறிஞ்சும் வலையிறகுப் பூச்சியின் வேலை. அதற்குப் புழு மருந்து அடித்துப் பயனில்லை.

படத்தை நம்பி ஏமாறுவதும் உண்டு. புதினா அந்துப்பூச்சி என்று இணையத்தில் தேடினால் ஊதாவும் பொன்னும் கலந்த அழகியொன்று வந்து நிற்கும். அது பைராஸ்டா ஆராட்டா; ஸ்கோபோலி என்ற இயற்கையியலாளர் 1763-ல் பெயரிட்ட, ஐரோப்பியத் தோட்டங்களில் பழகிய பூச்சி. நம் முற்றத்துத் துளசியில் அதைத் தேட வேண்டாம்.

விளக்கடியில் பறக்கும் பூச்சியை அடிப்பதால் இலை பிழைக்காது. இலையைத் தின்பது புழு; பூச்சி கண்ணில் படும்போது பெரும்பாலும் முட்டை இட்டு முடிந்திருக்கும்.

எனக்குப் பொறுக்காத தவறு, ரசாயனப் பூச்சிக்கொல்லி. சளி பிடித்த பிள்ளைக்குக் கசாயம் வைக்கவும், பூசைக்கும் நாம் பறிப்பது இதே இலையைத்தான். பூத்த துளசியில் தேனீ மொய்க்கும்; மார்த்தாண்டம் பக்கம் தேன்பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. ஒன்றிரண்டு செடிதானே, மடிந்த இலைகளைக் கிள்ளினாலே போதும். கிள்ளியதைச் செடியடியில் போடுவதுதான் அடுத்த பிழை. உள்ளிருக்கும் புழு வெளியேறி ஏறும், கூட்டுப்புழு பூச்சியாகும். சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். கோழி இருந்தால் முக்காமல் அதற்கே போடலாம், அதன் பாடு கொண்டாட்டம்.

செடிகள் அதிகம் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம். மடிப்புக்குள் அது எளிதில் நுழையாது என்பதால் மடிந்தவற்றைக் கிள்ளிய பிறகே தெளிக்க வேண்டும். உச்சிவெயிலில் தெளித்தால் இலை கருகும், மழைக்கு முன் தெளித்தால் காசு கரையும். இங்கே தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழையும் உண்டு. வானம் பார்த்துத் தெளியுங்கள்.

அசையாத புழுவின் மேலோ பக்கத்திலோ வெண்ணிறச் சிறு கூடுகள் ஒட்டியிருந்தால் அந்த இலையை மட்டும் விட்டுவிடுங்கள். அவை, புழுவைத் தின்றே வளரும் ஒட்டுண்ணிக் குளவியின் கூடுகளாக இருக்கலாம். வெளிவரும் குளவிகள் அடுத்த புழுக்களைத் தேடிப் போகும்.