பழைய அலுமினிய ரோடு சைக்கிள்: கை மரத்துப்போவது எப்படி நின்றது

சூலூரிலிருந்து சிங்காநல்லூருக்கு வேலைக்குப் போய்வர ஒரு பழைய அலுமினிய ரோடு சைக்கிள் வாங்கினேன். அலுமினியம் என்றாலே உடம்பு குலுங்கும் என்பார்கள், ஆனால் குலுக்கலில் பெரும்பங்கு ஃபிரேமால் அல்ல, டயரால்தான் வருகிறது. அதனால் அகலமான டயர் போட டயருக்கும் பிரேக்குக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்றுதான் முதலில் குனிந்து பார்த்தேன், 28 மி.மீ. டயர் நுழையும்படி இருந்தது, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கும் கார்பன் இழை. விற்றவர் "அலுமினியமுங்க, துருவே பிடிக்காது" என்றார். சரி, ஆனால் விரிசல் விடும். ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேமின் முன்குழாயான ஹெட் டியூபின் வெல்டிங்கையும் பெடல் அச்சுப் பக்கத்தையும் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள், மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அந்த வண்டி வேண்டாம். சீட் போஸ்ட் நகர்கிறதா என்றும் பாருங்கள், உள்ளே அரித்து இறுகிவிட்டால் கழற்றுவது பெரும்பாடு.

வாங்கியபோது 23 மி.மீ. டயர், 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று. திருச்சி ரோட்டில் கை மரத்துப்போனது. 28 போட்டு, என் 70 கிலோவுக்கு 75 பி.எஸ்.ஐ.யாக இறக்கி, ஸ்டெம்மை (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் துண்டு) திருப்பிப் போட்டு ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்தினேன், அதோடு மரத்துப்போவது நின்றுவிட்டது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று காலையில் முகத்துக்கு நேரே அடிக்கும்போது வளைந்த ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியில் கை வைத்துக் குனிந்து மிதிக்கலாம், அந்த வசதிக்காகவே இந்தச் சைக்கிள்தான் வேண்டும் என்றிருந்தேன்.