வயிறு, இடுப்பு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பலர் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கி, பாதியிலேயே மிரண்டுபோகிறார்கள். நேராகக் கடைசிக்குப் போங்கள்.

படி 1: ‘இம்ப்ரெஷன்’ பகுதியைப் படியுங்கள். படம் பார்த்த மருத்துவரின் முடிவு அதுதான். மேலே இருப்பதெல்லாம் அதற்கான விவரம்.

படி 2: நிறச் சொற்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். இது தெரிந்தால் பாதி ரிப்போர்ட் புரிந்துவிடும். இந்த ஸ்கேன் உடலுக்குள் ஒலி அலையை அனுப்பிப் படம் எடுக்கிறது. ஒலி அலை அதிகமாகத் திரும்பி வந்தால் அந்த இடம் வெளுப்பாகத் தெரியும், அது ‘ஹைப்பர்எக்கோயிக்’. குறைவாகத் திரும்பினால் மங்கல், ‘ஹைப்போஎக்கோயிக்’. திரும்பவே இல்லையென்றால் கருப்பு, ‘அனெக்கோயிக்’, பெரும்பாலும் நீர்தான். நிரம்பிய சிறுநீர்ப்பையும் சாதாரண நீர்க்கட்டியும் இப்படிக் கருப்பாகத் தெரியும். பித்தக்கல் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும், ஒலி அதைத் தாண்டாததால் பின்னால் கருநிழல் விழும். கல்லீரல், பக்கத்திலுள்ள வலது சிறுநீரகத்தைவிட நன்றாக வெளுத்திருந்தால் கொழுப்பு படிந்திருக்கலாம். ‘கிரேடு 1’ என்பது அதில் லேசான நிலை.

படி 3: அளவுகள். பெரியவர்களுக்குச் சிறுநீரகம் சுமார் 9 முதல் 12 செ.மீ., மண்ணீரல் ஏறக்குறைய 12 செ.மீ. வரை. உயரமானவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருப்பது சகஜம். ஒரு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு இணையத்தில் தேடினால் தூக்கம்தான் கெடும்.

படி 4: இடுப்புப் பகுதி. கர்ப்பப்பை உட்சுவரின் தடிமன் மாதவிடாய்ச் சுழற்சியின் நாளுக்கேற்ப மாறும். விலக்கு முடிந்தவுடன் சில மி.மீ., அடுத்த விலக்கு நெருங்கும்போது 10 மி.மீ.க்கு மேலும் போகலாம். அதனால் கடைசி விலக்குத் தேதி தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. மாதவிலக்கு நிற்காத பெண்களின் சினைப்பையில் 3 செ.மீ. வரையிலான எளிய நீர்ப்பை பொதுவாக இயல்பானதே. ஆண்களுக்கு புராஸ்டேட்டின் அளவும், சிறுநீர் கழித்த பின் பையில் மிஞ்சும் அளவும் வரும்.

படி 5: ‘குடல் வாயு மறைத்ததால் கணையம் சரியாகத் தெரியவில்லை’ என்ற வரி நோய் அல்ல. காற்றை ஒலி ஊடுருவாது, அவ்வளவுதான். தோலில் ஜெல் தடவுவதும் இடையிலுள்ள காற்றை நீக்கத்தான். பல மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வது வாயு குறையவும், பித்தப்பை சுருங்காமல் இருக்கவும். அப்புறம், நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுச் சிறுநீரை அடக்கிக்கொண்டு காத்திருக்கும் அந்தச் சோதனை! நிரம்பிய சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கி, ஒலிக்கு வழிவிடுகிறது.

இரைப்பைப் புண் போன்றவை இந்த ஸ்கேனில் பொதுவாகத் தெரியாது. எல்லாம் நார்மல் என்று வந்தும் வலி தொடர்ந்தால், பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.