வாரந்தோறும் திரும்பி வரும் நேர இடைவெளியைத் தரவுத்தளத்தில் வினவுவது எப்படி?

ஓர் அட்டவணையில் ஓராண்டுக்கான நிகழ்வுகள் நேரமுத்திரையுடன், அதாவது நடந்த தேதியும் நேரமும் சேர்த்துப் பதிவாகியிருக்கின்றன. அவற்றுள் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கும் திங்கட்கிழமை காலை 6 மணிக்கும் இடையில் நடந்தவை மட்டும் வேண்டும். வாய்மொழியாகச் சொல்லும்போது எளிமையாக இருக்கும் இந்தக் கோரிக்கையை வினவலாக எழுதும்போது பலரும் செய்யும் முதல் பிழை, கிழமையையும் மணியையும் தனித்தனி நிபந்தனைகளாகப் பிரித்துவிடுவதே. கிழமை வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் ஆகியவற்றுள் ஒன்றாக இருக்க வேண்டும், மணி 18 அல்லது அதற்கு மேலாகவோ 6-க்குக் குறைவாகவோ இருக்க வேண்டும் என்று எழுதினால், சனிக்கிழமை காலை 10 மணிக்கு நடந்த நிகழ்வு விடுபட்டுப் போகும். வெள்ளிக்கிழமை அதிகாலை 3 மணிக்கும் திங்கட்கிழமை இரவு 8 மணிக்கும் நடந்தவை தவறாக உள்ளே வந்துவிடும். வினவல் பிழைச்செய்தி எதுவும் தராது. ஓரளவு நம்பத்தக்க எண்ணிக்கையையே தரும். ஆகவே இப்பிழை நெடுநாள் கண்ணில் படாமலே இருந்துவிடக்கூடும்.

கிழமையும் மணியும் இரண்டு வேறு அளவுகள் அல்ல, ஒரே அளவின் இரண்டு பகுதிகள். வாரம் முழுவதையும் ஒரே எண்கோடாகக் கருதினால் சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஒரு நாளில் 1,440 நிமிடங்கள். ஒரு வாரத்தில் 10,080 நிமிடங்கள். திங்கட்கிழமை தொடங்கும் நள்ளிரவு 12 மணியைச் சுழியமாக வைத்துக்கொண்டால், எந்த நேரமுத்திரையையும் பின்வருமாறு ஒரே எண்ணாக மாற்றலாம்:

வார நிமிடம் = கிழமை எண் × 1440 + மணி × 60 + நிமிடம்

இங்கே திங்களின் கிழமை எண் 0, ஞாயிறின் எண் 6. இதன்படி வெள்ளி மாலை 6 மணி என்பது 4 × 1440 + 1080 = 6840; திங்கள் காலை 6 மணி என்பது 360. தொடக்கம் முடிவைவிடப் பெரிய எண்ணாக இருப்பதைக் கவனியுங்கள். இடைவெளி வாரத்தின் எல்லையைக் கடந்து செல்வதால் இப்படி நேர்கிறது. "6840 முதல் 360 வரை" என்று நேரடியாக ஒப்பிட்டால் ஒரு பதிவும் கிடைக்காது. எல்லையைக் கடக்கும் இடைவெளிக்கு ஒரு நிபந்தனை, கடக்காததற்கு வேறொரு நிபந்தனை என்று எழுதுவோர் உண்டு. அதைவிட, முடிவு நேரத்தைக் கைவிட்டு, தொடக்கத்தையும் நீளத்தையும் மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. நம் இடைவெளியின் நீளம் 60 மணி நேரம், அதாவது 3,600 நிமிடங்கள். அப்போது நிபந்தனை ஒன்றே போதும்:

(வார நிமிடம் − தொடக்கம் + 10080) என்பதை 10080-ஆல் வகுத்தால் வரும் மீதி < நீளம்

சனி காலை 10.30 மணியின் வார நிமிடம் 7830, மீதி 990, ஆகவே அது உள்ளே வருகிறது. திங்கள் காலை 5 மணிக்கு 300 − 6840 + 10080 = 3540; இதுவும் உள்ளே. திங்கள் காலை சரியாக 6 மணிக்கு மீதி 3600. நீளத்தைவிடக் குறைவாக இல்லாததால் அது வெளியே. புதன் நண்பகலுக்கு மீதி 6840; அதுவும் வெளியே. தொடக்க நொடி சேரும், முடிவு நொடி சேராது என்ற இந்த வழக்கத்தை எங்கும் மாறாமல் கடைப்பிடியுங்கள். இரு முனைகளையும் சேர்த்துக்கொள்ளும் பிட்வீன் ஒப்பீட்டை இங்கே பயன்படுத்தினால், அடுத்தடுத்து வரும் இரண்டு இடைவெளிகளின் எல்லையில் நிற்கும் பதிவு இரண்டிலும் எண்ணப்பட்டுவிடும்.

கிழமை எண்ணைப் பெறுவதில் தரவுத்தளங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. மைஎஸ்கியூஎல்லில் வீக்டே என்னும் செயற்கூறு திங்களுக்கு 0 தருவதால் அப்படியே பயன்படும். ஆனால் அதே தரவுத்தளத்தின் டேஆஃப்வீக் ஞாயிறுக்கு 1 தருகிறது. போஸ்ட்கிரெஸ்ஸில் ஐசோடௌ என்னும் கிழமைப் புலம் திங்களுக்கு 1, ஞாயிறுக்கு 7 தரும். அதில் ஒன்றைக் கழித்தால் போதும். எஸ்கியூலைட் ஞாயிறை 0 என்று கொள்வதால், 6-ஐக் கூட்டி 7-ஆல் வகுத்த மீதியை எடுக்க வேண்டும். எஸ்கியூஎல் சர்வரில்தான் கூடுதல் எச்சரிக்கை தேவை: டேட்பார்ட் தரும் கிழமை எண், டேட்ஃபர்ஸ்ட் என்னும் அமைப்பைப் பொறுத்து இணைப்புக்கு இணைப்பு மாறக்கூடும். கிழமை எண், டேட்ஃபர்ஸ்ட் மதிப்பு, 5 ஆகிய மூன்றையும் கூட்டி 7-ஆல் வகுத்த மீதியை எடுத்தால், அமைப்பு எதுவாக இருந்தாலும் திங்களுக்கு 0 கிடைக்கும்.

அடுத்தது நேர மண்டலம். நேரமுத்திரைகள் யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் சேமிக்கப்பட்டிருந்தால், கிழமையைக் கணக்கிடுவதற்கு முன்பே அவற்றை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட வேண்டும். நிலையான ஒரு மணிக்கணக்கைக் கூட்டிக் கழிப்பது கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் கோடைக்கால நேரம் உள்ள இடங்களில் தவறாகும். ஐரோப்பா/பெர்லின் மண்டலத்தில் வெள்ளி மாலை 6 மணி என்பது குளிர்காலத்தில் யுடிசி 17 மணி, கோடையில் 16 மணி. அங்கே கடிகாரம் மாற்றப்படுவது மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு அதிகாலையில். அது நம் இடைவெளியின் நடுவே விழுகிறது. ஆகவே அந்த ஒரு வாரம் மட்டும் நம் இடைவெளி உண்மையில் மார்ச்சில் 59 மணி நேரமும், அக்டோபரில் 61 மணி நேரமும் நீள்கிறது. மேலே சொன்ன சூத்திரம் சுவர்க்கடிகார நேரத்தைக் கொண்டே இயங்குவதால் அது பாதிக்கப்படுவதில்லை. மைஎஸ்கியூஎல்லைப் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும்: நேர மண்டல அட்டவணைகள் ஏற்றப்படாத சர்வரில் மண்டலப் பெயருடன் கன்வர்ட்_டிஇசட்டை அழைத்தால் நல் (NULL) என்னும் வெற்று மதிப்பே திரும்பும், நிபந்தனை எதற்கும் பொருந்தாமல் எல்லாப் பதிவுகளும் ஓசையின்றி மறைந்துவிடும்.

விடை சரியாக வந்த பிறகு வேகத்தைக் கவனிக்கலாம். நெடுவரிசையின் மீது கணக்கீடு செய்வதால், அதன் மீதுள்ள வழக்கமான இண்டெக்ஸ், அதாவது தேடலை விரைவாக்கும் அடைவு, இந்த நிபந்தனைக்கு உதவாது. அட்டவணை சிறியதென்றால் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பெரியதென்றால் இரண்டு வழிகள் உள்ளன. வார நிமிடத்தையே கணக்கிடப்பட்ட நெடுவரிசையாகச் சேமித்து, அதன் மீது இண்டெக்ஸ் அமைத்து, நிபந்தனையை அந்த நெடுவரிசையின் மீதான நேரடி ஒப்பீடாக, அதாவது 6840 அல்லது அதற்கு மேல், இல்லையேல் 360-க்குக் குறைவு என்று எழுதுவது முதல் வழி. ஆனால் பதிவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பொருந்தும் இத்தகைய அகலமான இடைவெளிக்கு அதனால் பெரிய பயன் இருக்காது. வாரத்தில் ஒரு மணி நேரம் போன்ற குறுகிய இடைவெளிக்கே அது ஏற்றது.

குறிப்பிட்ட காலப்பகுதிக்குள் மட்டும் தேடும்போது நான் விரும்புவது இரண்டாவது வழி: அந்தக் காலப்பகுதியில் வரும் ஒவ்வொரு இடைவெளியின் தொடக்கத்தையும் முடிவையும் உண்மையான தேதிகளாக உருவாக்கி, அவற்றோடு அட்டவணையை இணைப்பது. ஓராண்டுக்கு ஐம்பத்துச் சொச்சம் வரிசைகளே வரும். வழக்கமான இண்டெக்ஸும் பயன்படும். போஸ்ட்கிரெஸ்ஸில் ஜெனரேட்_சீரிஸ் இதைச் செய்யும், மைஎஸ்கியூஎல் 8.0-இல் தன்னையே திரும்பத் திரும்ப அழைக்கும் சுழல் வினவலால் செய்யலாம். இங்கே தொடக்கம், முடிவு இரண்டையும் உள்ளூர் நேரத்தில் 7 நாட்களாகக் கூட்டி உருவாக்கிய பிறகே யுடிசிக்கு மாற்ற வேண்டும். யுடிசியில் 168 மணி நேரமாகக் கூட்டிச் சென்றால், கடிகாரம் மாறும் வாரத்திலிருந்து எல்லாம் ஒரு மணி நேரம் பிசகும். காலப்பகுதி ஒரு சனிக்கிழமை தொடங்குமானால், அதற்கு முந்தைய நாளான வெள்ளியன்று தொடங்கிய இடைவெளியும் தேவைப்படும் என்பதால், உருவாக்கத்தை ஒரு வாரம் முன்னதாகவே தொடங்கிவிடுங்கள்.

ஒவ்வொரு வார இறுதிக்கும் தனித்தனியே எண்ணிக்கை வேண்டுமென்றால், சூத்திரத்தால் வடிகட்டிய பின், உள்ளூர் நேரத்திலிருந்து 4 நாள் 18 மணி நேரத்தைக் கழித்து, கிடைப்பதை அது விழும் வாரத்தின் தொடக்கமான திங்களுக்கு வெட்டி, அதன்படி தொகுக்கலாம். திங்கள் காலை 5 மணி இவ்வாறு முந்தைய வாரத்தின் புதன் 11 மணியாகிறது. ஆகவே அது தனக்குரிய வெள்ளிக்கிழமையோடு ஒரே தொகுதியில் சேர்கிறது.

இடைவெளிகள் பல இருந்தால், தொடக்கம், நீளம், நேர மண்டலம் ஆகிய மூன்றையும் தனி அட்டவணையில் வையுங்கள். தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருக்கும்போது அது வாரம் முழுவதையும் குறிக்கிறதா, எதையுமே குறிக்கவில்லையா என்ற ஐயம் நீளத்தைச் சேமிப்பதால் எழாது. முன்னதற்கு 10080, பின்னதற்கு 0. ஒன்றன்மேல் ஒன்று படியும் இடைவெளிகள் இருக்கக்கூடுமானால், இணைப்புக்குப் பதிலாக, பொருந்தும் வரிசை ஒன்றாவது உண்டா என்று மட்டும் பார்க்கும் எக்ஸிஸ்ட்ஸ் நிபந்தனையைப் பயன்படுத்துங்கள். இல்லையேல் ஒரே பதிவு இருமுறை வரும்.

வினவலைப் பயன்பாட்டுக்கு விடுவதற்கு முன் வெள்ளி மாலை 5.59, 6.00, சனி காலை 10.00, ஞாயிறு முடியும் நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்னும் பின்னும், திங்கள் காலை 5.59, 6.00, புதன் நண்பகல் ஆகிய எட்டு நேரங்களைச் சோதனை அட்டவணையில் இட்டு ஓட்டிப் பாருங்கள். வெள்ளி மாலை 5.59, திங்கள் காலை 6.00, புதன் நண்பகல் ஆகிய மூன்றும் வெளியே நிற்க, எஞ்சிய ஐந்தும் வர வேண்டும்.