அம்மப்பாவின் லான்ட் றோவரை மீட்டெடுத்தல்: முதன்முறை செய்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

வடமராட்சியில் எங்கள் வளவின் பின்புறம், கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குள் பல ஆண்டுகளாக நின்ற லான்ட் றோவர், அம்மப்பா பரந்தனில் வயல் செய்த காலத்தில் நெல்லும் உரமும் ஏற்றிய வாகனம். 1961 முதல் 1971 வரை உற்பத்தியான ‘இரண்டு ஏ’ வகையைச் சேர்ந்த, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையே 88 அங்குலம் கொண்ட பெற்றோல் வண்டி அது. அது என் பொறுப்புக்கு வந்த அன்று, புதிய பற்றரி ஒன்றைப் பூட்டித் திறப்பைத் திருப்பிப் பார்க்கும் ஆசையே முதலில் எழுந்தது. அந்த ஆசையை அடக்கியதால்தான் அதன் சொந்த இயந்திரம் இன்றும் அதற்குள் இருக்கிறது. நீண்ட காலம் நின்ற வண்டி அதிகம் சேதப்படுவது அதை மீண்டும் இயக்கும் முதல் நாளில்தான். ஆகையால், நான் வேலை செய்த வரிசையிலேயே இங்கு எழுதுகிறேன்.

முதலாவது படி: கழுவுவதற்கு முன் பதிவு செய்தல்

எதையும் கழற்றுவதற்கும் கழுவுவதற்கும் முன்னர் வண்டியை எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் எடுங்கள். வயர்கள் எந்த வழியாகப் போகின்றன, எந்தப் போல்ற்றில் எத்தனை வாசர் இருக்கின்றன என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். கழற்றும் ஒவ்வொரு பகுதியின் போல்ற்றுகளையும் தனித்தனிப் பால்மாப் பேணியில் இட்டுப் பெயர் ஒட்டுங்கள்.

சீற்றின் அடியையும் பெட்டிகளையும் பொறுமையாகத் தேடுங்கள். எங்கள் வண்டியில், மூடியில் ஊசித்துளை இட்ட சிறிய மருந்துப் போத்தல் ஒன்று பழைய சாரத் துண்டில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. பெற்றோல் தடை செய்யப்பட்டிருந்த தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்து வாகனங்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின. அந்தத் துளிகளைக் காபரேற்றருக்குள் விடுவதற்கான போத்தல் அது. வீட்டின் நினைவாக மட்டுமன்றி, இயந்திரத்துக்குள் என்ன நேர்ந்திருக்கும் என்பதற்கான சாட்சியாகவும் அது எனக்கு உதவியது.

அடுத்து, வண்டியின் அடிச்சட்டமான செசியின் இலக்கம். இந்த வகையில் அது முன் வலப்பக்க வில்தகடு (ஸ்பிரிங்) செசியோடு சேரும் இடத்தருகே பொறிக்கப்பட்டிருக்கும். 242 என்று தொடங்கினால், அது வலக்கைச் செலுத்துகைக்காக ஏற்றுமதி செய்யப்பட்ட 88 அங்குலப் பெற்றோல் வண்டி. கறளுக்குள் மறைந்திருக்கும் இந்த இலக்கத்தை மின்தூரிகையால் தேய்க்காதீர்கள். நான் அப்படித் தொடங்கி, கடைசி இரண்டு எண்களின் விளிம்பை மழுங்கடித்துவிட்டேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன். மண்ணெண்ணெயில் நனைத்த துணியும் பழைய பற்தூரிகையும் போதும். பதிவுப் புத்தகத்திலுள்ள இலக்கத்தோடு அதை ஒப்பிட்டு, உரிமை மாற்றத்துக்கான வேலையை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தொடங்கிய பின்னரே பெரிய செலவில் இறங்குங்கள்.

இரண்டாவது படி: இயந்திரத்தைக் கையால் சுற்றுதல்

மண்ணெண்ணெய் முழுமையாக ஆவியாகாது. எரியாமல் எஞ்சியது சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, அடியிலுள்ள ஒயிலோடு கலந்துவிடும். எங்கள் வண்டியின் ஒயிலை வடித்தபோது, அது தண்ணீர்போல் இளகி, அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மண்ணெண்ணெய் மணத்தது. அந்த ஒயிலோடு இயக்கியிருந்தால் பெயறிங்குகள் ஒரு மணி நேரம்கூடத் தாக்குப்பிடித்திரா.

ஒயிலை வடித்து, வடிகட்டியையும் மாற்றிய பின்னர், நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளைக்குள்ளும் டீசலும் இயந்திர ஒயிலும் சம அளவில் கலந்து சில தேக்கரண்டி விட்டு, ஒரு கிழமை அப்படியே விடுங்கள். இந்த வண்டிகளில் முன் பம்பரின் துளை வழியாகச் சுற்றுகம்பியைச் செலுத்த முடியும். கியரை நடுநிலையில் வைத்து, கம்பியை மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் மீண்டும் ஊற்றிக் காத்திருங்கள். நீளமான குழாயைக் கோத்துப் பலத்தைப் பிரயோகித்தால் பிஸ்ரன் வளையங்கள் முறியும். எங்களுடையது பதினோராம் நாள் அரை அங்குலம் நகர்ந்தது.

இயந்திரம் இலகுவாகச் சுற்றத் தொடங்கிய பின்னர் புதிய ஒயில் ஊற்றி, பிளக்குகள் இல்லாமலேயே பற்றரியால் சுற்றி, ஒயில் அழுத்த விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். பற்றரி பூட்டும் இடத்தில் மிகுந்த அவதானம் தேவை: 1967 வரையான பெரும்பாலான வண்டிகளில் பற்றரியின் நேர்முனையே செசியோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய வழக்கப்படி எதிர்முனையைச் செசியில் பூட்டினால் டைனமோவும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் பழுதாகலாம்.

பெற்றோல் தாங்கி சாரதி சீற்றின் அடியில் இருக்கிறது. பழைய பெற்றோல் பிசினாக உறைந்திருக்கும் என்பதால், முதல் தடவை தாங்கியைப் பயன்படுத்தாமல், சுத்தமான பெற்றோல் நிரப்பிய சிறு கலனிலிருந்து குழாய் வழியாகக் கொடுங்கள். பிளக் வயர்களின் வரிசை 1, 3, 4, 2. அருகில் ஒரு வாளி மணலும் தீயணைப்பானும் இருக்கட்டும்.

றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல் நிலம். கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படை றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். பற்றரிக்கு விற்கப்படும் காய்ச்சி வடித்த நீரையும் குளிரூட்டித் திரவத்தையும் கலந்து ஊற்றுங்கள்.

மூன்றாவது படி: பிறேக்

இயந்திரம் இயங்கிய மகிழ்ச்சியில் வண்டியை வீதிக்கு எடுத்துவிடாதீர்கள். நான்கு சில்லுகளிலும் உள்ள பிறேக் சிலிண்டர்களின் றப்பர்களையும், வளையும் குழாய்களையும், திரவத்தையும் முழுமையாக மாற்ற வேண்டும். இவை கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடினால் அநேகமாகக் கிடைக்கும். பழைய பிறேக் கட்டைகளில் கல்நார் (அஸ்பெஸ்ரஸ்) இருக்கக்கூடும் என்பதால், தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

புதியவர்கள் அறியாத ஆபத்து ஒன்றும் உண்டு. இந்த வண்டியின் கைப்பிறேக் சில்லுகளைப் பிடிப்பதில்லை. பின்னுக்குச் செல்லும் தண்டைப் பிடிக்கிறது. பின் சில்லு ஒன்றை ஜக் வைத்து உயர்த்தினால், கைப்பிறேக் இழுத்திருந்தாலும் வண்டி உருண்டுவிடும். மற்றச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் ஒருபோதும் உயர்த்தாதீர்கள்.

நான்காவது படி: செசியும் தகடும்

அதிக காலமும் பணமும் இங்குதான் செல்லும். லான்ட் றோவர் 1948 இல் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் அறிமுகமானபோது, போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் இரும்புத் தட்டுப்பாடு நிலவியது. அதனால் வெளித்தகடுகள் அலுமினியக் கலவையில் செய்யப்பட்டன, அந்த வழக்கமே தொடர்ந்தது. ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். மட்காட்டில் அது ஒட்டாது. செசியிலும், கண்ணாடிக்குக் கீழேயுள்ள முன்சுவரிலும் ஒட்டும். ஒட்டும் இடங்கள் கறள் பிடிக்கும் இடங்கள். ஒட்டாத தகட்டில், இரும்புப் போல்ற் தொடும் இடத்தில் வெள்ளை மா போன்ற ஒன்று கொப்பளித்து நிற்கும். இரு உலோகங்களுக்கு இடையே உப்பு ஈரம் புகும்போது அலுமினியம் அரிக்கப்படுவதால் வருவது அது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடலோரக் கிராமங்களில் இந்த அரிப்பு விரைவாக நடக்கும்.

செசி பெட்டி வடிவிலானது. உள்ளிருந்து வெளியே உக்கும். சிறு சுத்தியலால் முழு நீளத்துக்கும் தட்டிக்கொண்டு போங்கள்: நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உக்கிய இடம் மந்தமாக ஒலிக்கும். பின்பக்கக் குறுக்குச் சட்டத்தையும் பக்கக் கைகளையும் இருமுறை பாருங்கள். வெல்டிங் செய்ய நேர்ந்தால் பெற்றோல் தாங்கியைக் கழற்றி வெளியே வைத்து, பற்றரியையும் துண்டியுங்கள். கறள் நீக்கிய இரும்புக்கு நாகம் (சிங்க்) கலந்த முதற்பூச்சும், செசியின் உட்பக்கத்துக்கு மெழுகு வகை எண்ணெயும் அடியுங்கள். கழிவு ஒயில் அடிப்பது எங்கள் ஊர் வழக்கம்தான். ஆனால் அதில் அமிலம் கலந்திருப்பதால் நான் அதைத் தவிர்த்தேன்.

அலுமினியத்தைச் சுத்தம் செய்ய, இரும்பைத் தேய்த்த கம்பித் தூரிகையைத் தொடாதீர்கள். அதன் துகள்கள் தகட்டில் புதைந்து புதிய அரிப்பைத் தொடக்கும். சவர்க்காரத் தண்ணீரும் தேங்காய்ப் பொச்சும் எனக்குப் போதுமாயின. மீண்டும் பூட்டும்போது இரு உலோகங்களுக்கும் இடையே மெல்லிய றப்பர் துண்டு வையுங்கள்.

பெயின்ற் பற்றி என் கருத்து உறுதியானது: தேவையான இடத்தில் மட்டும் பூசுங்கள். கராஜ் ஒன்றில் கொடுத்த இடது மட்காட், நெளிவெல்லாம் பசையால் நிரப்பப்பட்டு மினுமினுப்பாகத் திரும்பி வந்தது. ஒரு மாரி முடிவதற்குள் அந்தப் பசை வெடித்துக் கழன்றது. வலது மட்காட்டை நான் தொடவில்லை. பின் கதவின் மேல் விளிம்பில், மூட்டைகள் உரசி உரசிப் பச்சை நிறம் தேய்ந்து வெள்ளித் தகடு தெரியும் ஒரு சாண் இடம் இருக்கிறது. அதைக் கழுவி, மெழுகு பூசி, அப்படியே விட்டிருக்கிறேன். புதிதாகப் பூசும் அலுமினியத்துக்கு, உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும் விசேட முதற்பூச்சு அவசியம். சாதாரணப் பூச்சு உரிந்துவிடும்.

இனிப் பேணும் முறை

ரயர் 6.00-16 அளவு. தேயாதிருந்தாலும் பக்கச்சுவர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். வண்டியைப் புல்லில் நிறுத்தாமல் சீமெந்துத் தரையில் நிறுத்துங்கள். தறப்பாளால் இறுக்கி மூடினால் உள்ளே வியர்க்கும். கூரையின் கீழ் காற்றோட்டமாக விட்டு, பருத்தித் துணியால் மூடுவது நல்லது. மாதம் ஒருமுறை இயந்திரம் நன்றாகச் சூடேறும்வரை ஓடுங்கள். கடற்கரை வீதியால் போய் வந்த நாளில், உவரில்லாத கிணற்று நீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள்.

மார்கழி மழை ஓய்ந்த முதல் வெயிலில், வண்டியின் கீழே சாக்கு விரித்துப் படுத்து, செசியின் வடிகால் துளைகளை மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். கடந்த முறை எங்களுடையதில் அரைக் கோப்பைத் தண்ணீரும், அதைத் தொடர்ந்து, வடமராட்சி மண்ணின் நிறமில்லாத, கரிய வயற்சேறும் வந்தன.